மில்லிலிட்டர் பாடம்: நான்காம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இந்த வாரம் கொள்ளளவுப் பாடம் நடக்கிறது. ‘1 லிட்டர் 1000 மில்லி’ என்று பிள்ளைகள் தடங்கலில்லாமல் சொல்லிவிடுகிறார்கள். 5 மில்லி தண்ணீரை அளந்து காட்டச் சொன்னால்தான் கை தயங்குகிறது. அதற்கு வீட்டுப் பழக்கமும் வேண்டும்.

மருந்துக் கடையில் ஊசியில்லாத புது 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். தண்ணீரை இழுத்ததும் முனையை மேலாகப் பிடித்து, விரலால் சுண்டி, காற்றுக் குமிழை வெளியே தள்ளச் சொல்லுங்கள். குமிழ் அடைத்துக்கொண்ட இடத்தளவுக்குத் தண்ணீர் குறையும். கறுப்பு ரப்பரில் முனைப்பக்க வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு.

பிள்ளைகள் அதிகம் தவறுவது சின்னக் கோடுகளில். 2 மில்லி சிரிஞ்சில் பொதுவாக ஒரு கோடு 0.1 மில்லி, 5 மில்லி சிரிஞ்சில் அதுவே 0.2. ஒன்றைத் தாண்டி இரண்டு கோடு என்றால் இங்கே 1.4, பிள்ளை 1.2 என்று எழுதும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று முதலில் எண்ணச் சொல்லுங்கள்.

சிரப்போடு வரும் அளவு மூடியைக் கையில் பிடிக்காமல் மேசைமேல் வைத்து, கோட்டு மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். ஊற்றியது குறைவாகவே இருக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழியும். குழியின் அடிமட்டமே அளவு.

பிறகு வீட்டுக் கரண்டிகளையும் பாலாடையையும் சிரிஞ்சால் நிரப்பி, எத்தனை மில்லி பிடிக்கிறது என்று நோட்டில் எழுதட்டும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி என்பார்கள். வீட்டுக் கரண்டியில் 3 மில்லியும் வரும், 7 மில்லியும் வரும். ஆகவே தயவுசெய்து மருந்தைக் கரண்டியில் கொடுக்காதீர்கள். காய்ச்சல் சிரப்பில் இன்னொன்றும் கவனியுங்கள். பாராசிட்டமால் 5 மில்லிக்கு 120 மி.கி. உள்ள பாட்டிலும் உண்டு, 250 மி.கி. உள்ளதும் உண்டு. மில்லி மருந்தின் கொள்ளளவு, மி.கி. அதிலுள்ள மருந்துச் சரக்கின் எடை. பாட்டில் மாறியபின் பழைய 5 மில்லியையே கொடுத்தால் மருந்து இருமடங்காகிவிடும். கைக்குழந்தைச் சொட்டு மருந்து இன்னும் செறிவானது. 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும்.

காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் செக்கில் எண்ணெய் வாங்குபவர்கள் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயைப் பிள்ளைகள் முன் நிறுத்துக் காட்டலாம். பாத்திரம் போகச் சுமார் 920 கிராம்தான் வரும். கடைக்காரர் அளவைக் குறைக்கவில்லை, எண்ணெய் தண்ணீரைவிட லேசு.

தோட்டத்துக்கு மருந்தடிக்கும் வீடுகளில் கணக்கை மட்டும் பிள்ளைகளிடம் கொடுங்கள்: லிட்டருக்கு 2 மில்லி என்றால் 10 லிட்டர் டேங்குக்கு எவ்வளவு? பாட்டிலை அவர்கள் தொட வேண்டாம். அந்த மூடியும் சிரிஞ்சும் சமையலறைக்குள் வரவே கூடாது.

கரண்டி அளவுகள் எழுதிய நோட்டைத் திங்கட்கிழமை கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்