செயலாளர் ஆண்டறிக்கை: மெயின் தெருக் கடைகளின் சுவரும் சாந்தும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு சங்கம் முக்கியமாக எடுத்துக்கொண்டது ஒரே வேலை: அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்து டெட்வுட் ஊரின் மெயின் தெருவில் உள்ள விக்டோரியா காலக் கடைகளின் செங்கல் ஏன் உதிர்கிறது என்று பார்ப்பது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

புதிய உறுப்பினர்களுக்காகக் கொஞ்சம் பழங்கதை. 1876இல் தங்கம் தேடி வந்தவர்கள் போட்ட ஊர் இது. அமெரிக்க அரசு செய்துகொண்ட 1868 லாரமி ஒப்பந்தப்படி நிலம் லகோட்டா என்னும் பூர்வகுடி மக்களுடையது. வந்தவர்களுக்கு இங்கே குடியேற உரிமை இல்லை. நம் வழிகாட்டிப் பலகைகள் இதை ஒரு வரியிலாவது சொல்ல வேண்டும் என்பது செயற்குழுவின் கருத்து. முதல் கடைகள் எல்லாம் பலகை. பின்னால் சாய்கூரைக் கொட்டகை. தெருப்பக்கம் மட்டும் கூரையை மறைத்து நிற்கும் சதுர முகப்பு. 1879 செப்டம்பர் 26 அதிகாலை ஷெர்மன் தெரு பேக்கரி ஒன்றில் மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்தது. தீ பக்கத்து இரும்புக் கடைக்குத் தாவி, அங்கிருந்த வெடிமருந்துப் பீப்பாய்கள் வெடித்தன. ஏறத்தாழ 300 கட்டடங்கள் சாம்பலாயின. மெயின் தெரு மறுபடி எழுந்தபோது செங்கல்லும் கல்லும் முன்னுக்கு வந்தன.

பெரிய ரயில் பாதை வந்து சேர்ந்தது 1890 கடைசியில்தான். அதற்கு முன் கனமான சரக்கெல்லாம் மாட்டுவண்டியில் வந்தது. செங்கல்லை அவ்வளவு தூரம் இழுத்து வந்தால் கட்டுப்படியாகாது என்பதால் உள்ளூரிலேயே சுட்டார்கள். நல்ல செங்கல் முகப்புக்குப் போனது. மட்டமானது பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும். தரைத்தளத்தில் வார்ப்பிரும்புத் தூண்கள், மேலே செங்கல். மெல்லிய இரும்புத் தூண் மாடியின் பாரத்தைத் தாங்குவதால்தான் கீழே அகலமான கண்ணாடி வைக்க முடிந்தது. தூணின் அடியில் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தால் சில இடங்களில் வார்ப்படக்காரர் பெயர் தெரியும். அதைப் படம் எடுத்து வையுங்கள்.

இனி சுவருக்கு வருவோம். அந்தக் காலச் செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மையானது. உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும். வெயிலில் செங்கல் விரிந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும். பின்னாளில் வந்த மேஸ்திரிகள் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். சிமெண்ட் ஈரத்தை அடைத்துவிடும். தண்ணீர் செங்கல்லுக்குள்ளேயே தங்கி, குளிர்காலத்தில் உறைந்து பெருத்து, மேல்தோலை உரித்துத் தள்ளும். உரிந்த பிறகும் சிமெண்ட் கோடுகள் மட்டும் வலைபோலத் துருத்தி நிற்பதைப் பின்சந்துகளில் பார்க்கலாம். மணலை வீசிச் சுத்தம் செய்த சுவர்களின் கதி இன்னும் மோசம். சூளையில் இறுகிய மேல்தோல் போய்விட்டதால் செங்கல் பஞ்சுபோலத் தண்ணீர் குடிக்கிறது. அதற்கு மருந்து கிடையாது.

சாந்தை மாற்றும்போது பழைய சாந்தை, செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு ஆழம் வரை எடுக்க வேண்டும். சுத்தியும் உளியும் போதும். கிரைண்டர் நேரம் மிச்சம் பண்ணும். ஆனால் செங்குத்து இணைப்புகளில் வட்டு மேலும் கீழும் ஓடிச் செங்கல்லை அறுத்துவிடும், அந்த வடு அழியாது. பழைய சாந்தில் ஒரு துண்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மிஞ்சும். அதே நிறமும் பருமனும் உள்ள மணலைத் தேடுங்கள். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று தொடங்கி, மாதிரி பூசி, காய்ந்த பிறகு ஒப்பிடுங்கள். இணைப்பை நனைத்துவிட்டு, தடவைக்குக் கால் அங்குலமாக அடைக்க வேண்டும். கட்டைவிரல் அழுத்தினால் தடம் மட்டும் பதியும் பதத்துக்கு இறுகியதும் அடுத்த அடுக்கு. ஒரே மூச்சில் திணித்தால் சுருங்கி வெடிக்கும். சில நாள் ஈரச்சாக்கு கட்டி வையுங்கள். உறைபனிக் காலம் நெருங்கிவிட்டால் அடுத்த வசந்தம் வரை தொடவே வேண்டாம்.

தகரக் கார்னிஸ்கள், அதாவது முகப்பின் உச்சியில் துருத்தி நிற்கும் அலங்கார விளிம்புகள், பின்பக்கத்திலிருந்துதான் துருப்பிடிக்கும். முன்னால் பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஓட்டையைச் செம்புத் தகட்டால் அடைத்தால் சுற்றியுள்ள துத்தநாகப் பூச்சும் இரும்பும் இன்னும் வேகமாக அரிக்கும்.

1989 நவம்பரில் சூதாட்டம் சட்டப்படி தொடங்கியது. அதன் வரிப்பணம் மரபுக் கட்டடங்களைப் பேணுவதற்குச் செலவாகிறது. அது இல்லாவிட்டால் பல கூரைகள் இந்நேரம் இறங்கியிருக்கும். ஆனால் அதே சூதாட்ட எந்திரங்களை வரிசையாக வைக்கத்தான் பல கடைகளின் உட்சுவர்கள் இடிக்கப்பட்டன. வெளியே 1880கள், உள்ளே கம்பளம் விரித்த ஒரே கூடம். முகப்பு மட்டும் மிஞ்சியதைக் கட்டடம் பிழைத்தது என்று கணக்கெழுதச் செயற்குழுவில் பலருக்கு மனம் வரவில்லை. இங்கே சீனர்கள் வாழ்ந்த சீனத் தெருவின் கடைசிச் சான்றாக நின்ற, விங் சூ என்ற சீன வணிகரின் கடைகள் 2005இல் இடிக்கப்பட்டன. அவற்றுக்கு முகப்புகூட மிஞ்சவில்லை.

இன்று வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானம் ஒன்றே: சங்கம் பரிந்துரைக்கும் எந்த வேலையிலும் பழைய சாந்தை எடுக்க கிரைண்டர் கூடாது. செலவு கூடும் என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வார்கள், கூடத்தான் செய்யும். பனிக்கு முன் மழைநீர்க் குழாய்களைப் பார்க்கும் நடைக்குப் பெயர் கொடுப்பவர்கள் வாசலில் உள்ள தாளில் எழுதலாம். ஏணி சங்கத்திடம் இருக்கிறது.

இவண்,
செயலாளர்