14 ஐட்டம் வேண்டாம், இடியாப்பம் போதும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். வீடு மாறியதற்குச் சும்மா நாலு பேரைக் கூப்பிடுகிறேன் என்றாய். எண்ணிப் பார்த்தால் 22 பேர் வருகிறார்கள், பதார்த்தம் 14! பெரியப்பாவுக்குச் சர்க்கரை என்று சப்பாத்தி, குழந்தைகளுக்கு நூடுல்ஸ், ஆபீஸ் ஆட்களுக்குப் பிரியாணி, ஜெயின் நண்பருக்குத் தனியாகப் பன்னீர், பால் நெய் தொடாத அந்தப் பெண்ணுக்கு ஒரு சாலட். ஆளுக்கொரு சமையல் என்று போனால் நீயும் உன் மனைவியும் அன்று அடுப்படியை விட்டு வெளியே வரவே மாட்டீர்கள். சாலட்டோடு விட்ட பெண் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவாள்.

எல்லோரும் சாப்பிடக்கூடிய ஒன்றை நடுவில் வை. வித்தியாசமெல்லாம் தொட்டுக்கொள்வதில் இருக்கட்டும். அதற்கு இடியாப்பத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. அரிசி மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். பாலும் கிடையாது, கோதுமையும் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது. பல் போன பெரியம்மாவும் சாப்பிடலாம், இரண்டு வயதுக் குட்டியும் சாப்பிடலாம். வீட்டில் பிழிய உட்காராதே. உங்கள் தெருவுக்குச் சைக்கிளில் வருகிறவரிடம் முந்தின நாளே சொல்லிவை. பெரியவர்களுக்கு நான்கு, குழந்தைகளுக்கு இரண்டு, கையிருப்புக்குப் பத்து என்று வைத்தால் 90 போதும். மிஞ்சினால் மறுநாள் காலை உதிர்த்து எலுமிச்சை பிழிந்து தாளித்துக்கொள்ளலாம்.

தொட்டுக்கொள்ள முதலில் தேங்காய்ப்பால். ஏலக்காய் மட்டும் தட்டிப் போடு, சர்க்கரையைப் பக்கத்தில் கிண்ணத்தில் வை. குழந்தைகள் இதைத்தான் கேட்பார்கள், நூடுல்ஸை மறந்துவிடுவார்கள். அடுத்தது திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்துக்கு வைக்கிற சொதி. பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கிவிடு, இல்லாவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழமும் இறக்கிய பிறகுதான். பால் நெய் தொடாத பெண்ணுக்குத் தனியாக எதுவுமே செய்ய வேண்டாம், இதிலேயே அவள் வயிறு நிறையும்.

ஜெயின் நண்பருக்கு உருளைக்கிழங்கும் கேரட்டும்கூட ஆகாது, மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கு வகைகளை அவர்கள் தவிர்ப்பார்கள். பச்சை இஞ்சியும் அதில் சேர்த்தி. அதனால் அவருடைய சொதியை பீன்ஸ், பட்டாணி, வாழைக்காய் போட்டு சின்னப் பாத்திரத்தில் முதலில் வைத்து எடுத்துவிடு. அப்புறம் மற்றவர்களுக்குப் பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் யாராவது இருந்தால் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படி. கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும்.

பெரியப்பாவுக்குச் சப்பாத்தியும் வேண்டாம், சிவப்பரிசி இடியாப்பமும் வேண்டாம். சிவப்பரிசி என்று சொன்னால் உடம்புக்கு நல்லது என்று இரண்டு கூடுதலாகச் சாப்பிடுவார், அவ்வளவுதான் நடக்கும். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மூன்று இடியாப்பம் சொதியோடு கொடு. அவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். மாத்திரை போட்டுக்கொண்டு ராத்திரி ஒன்பது மணி வரை காத்திருந்தால் சர்க்கரை இறங்கிவிடலாம்.

அதனால் ராத்திரி விருந்து என்பதையே விட்டுவிடு. மாலை டிபனாக வை, ஐந்து மணிக்குப் பரிமாறு. அந்த நண்பர் சூரியன் மறைந்த பிறகு சாப்பிடாதவராக இருந்தால் அவருக்கும் இதுதான் வசதி; எதற்கும் கேட்டுக்கொள், எல்லா ஜெயின்களும் அப்படி இருப்பதில்லை. அக்டோபர் கடைசியில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். குழந்தைகளும் தூங்கி வழியாது.

அக்டோபர் கடைசி என்று நானே முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ குறித்திருக்கிற நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அத்தை வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவுச்சி கிடையாது, உன் ஆபீஸ் ஆட்களிலும் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். ஐப்பசி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார். தீபாவளி அமாவாசைக்கு மறுநாளிலிருந்து கந்த சஷ்டி விரதம் இருப்பவர்கள் உண்டு, அதற்குள் சிக்கிக்கொள்ளாதே. மொட்டை மாடி வேண்டாம். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் 22 பேரும் ஹாலுக்குள்தான்.

அசைவத்துக்கு ஒரே ஒரு கோழிக் குழம்பு. சாப்பிடுகிறவர்கள் பன்னிரண்டு பேர் என்றால் எலும்போடு இரண்டரைக் கிலோ போதும். ஹலால் கடையில் வாங்கிவிடு. உன் கல்லூரி நண்பர் நிம்மதியாகச் சாப்பிடுவார், மற்றவர்களுக்கு அதனால் எதுவும் குறையாது. முந்திரி அரைத்து ஊற்றாதே, பொட்டுக்கடலையும் கசகசாவும் போதும். கொட்டை ஒவ்வாமை உள்ள அந்தப் பையனின் அம்மாவிடம் இன்றே போன் பண்ணு. முந்திரியா, வேர்க்கடலையா, தேங்காய் பரவாயில்லையா என்று கேள். நம் சமையல் முழுக்கத் தேங்காய்மேல் நிற்கிறது. அவனுக்கு அது ஆகாதென்றால் பழத்தைக் கொடுத்துச் சமாளிக்க முடியாது. பருப்புக் குழம்பு ஒன்று தனியாக வைத்தாக வேண்டும்.

இனிப்புக்கு ஐஸ்கிரீம் வேண்டாம், இளநீர் கடல்பாசி செய். சில ஜெல்லி பாக்கெட்டுகளில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. கடையில் சைனா கிராஸ் என்று விற்கிற கடல்பாசி கடலில் விளைவது. நோன்பு திறக்கும் வீடுகளில் இது இல்லாமல் இருக்காது. 10 கிராம் கடல்பாசியை ஒரு டம்ளர் தண்ணீரில் முழுக்கக் கரையும் வரை காய்ச்சி வடிகட்டு. லேசாகச் சூடாக்கிய அரை லிட்டர் இளநீரையும் வழுக்கையையும் அதில் கலந்து ஊற்றிவை. இளநீரைக் கொதிக்க வைக்காதே, சில்லென்றும் ஊற்றாதே, கட்டி கட்டியாகிவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும், சென்னை வெயிலிலும் உருகாது. 22 பேருக்கு இதைப்போல மூன்று மடங்கு செய்.

கோழிக் குழம்பை மட்டும் மற்றதெல்லாம் இருக்கிற மேசையில் வைக்காதே. பால்கனிப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு அங்கே வை, அதற்கென்று தனிக் கரண்டி. பெரியம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் கரண்டி மாறியதைப் பார்த்துவிட்டால் பசியில்லை என்று தட்டை வைத்துவிடுவார். கரண்டியெல்லாம் நான் கொண்டு வருகிறேன், நீ வாங்காதே. மூன்று மணிக்கே வந்துவிடுவேன். தேங்காய் துருவ அத்தானையும் இழுத்துக்கொண்டு வருகிறேன்.

பட்டியலைத் திருத்தி அனுப்பு.

அக்கா