அந்தக் கல்லில் என் அப்பத்தாவின் பெயரையும் வெட்டுங்கள்

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கு வணக்கம்.

நான் யார் வீட்டுப் பெண் என்பது உங்களுக்குத் தெரியும். எதற்காக எழுதுகிறேன் என்பதும் தெரியும். கோயில் மண்டபத்தில் வைத்த உபயக் கல்வெட்டைப் பற்றித்தான். போன அமாவாசைக் கூட்டத்தில் என் அப்பா எழுந்து, "கலசத்துக்குத் தங்கம் எங்கம்மா குடுத்ததுங்க, கல்லுல என் பேரு வேண்டாமுங்க, அவங்க பேரப் போடுங்க" என்று கேட்டார். குடும்பத் தலைவர் பெயரைப் போடுவதுதான் வழக்கம் என்றீர்கள். வழக்கத்தை மாற்றலாமே என்று அவர் மறுபடி கேட்டதும், கல்லில் இடமில்லை என்றீர்கள். அதற்குமேல் பேசத் தெரியாமல் அப்பா உட்கார்ந்துவிட்டார். எழுபது வயதை நெருங்கும் மனிதர். வீட்டுக்கு வந்து வெகுநேரம் யாரிடமும் பேசவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

தாலிக்கொடி என்றால் நம் பக்கத்தில் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2009இல் அப்பாரு, அதாவது என் தாத்தா, தவறியபோது கழுத்திலிருந்து இறக்கிய ஏழரைப் பவுன் கொடியை அப்பத்தா மஞ்சள் துணியில் முடிந்து மரப்பெட்டிக்குள் வைத்தார். என் கல்யாணத்துக்குக்கூட அதை எடுக்கவில்லை. கோபுரக் கலசங்களுக்குப் பொன் முலாம் பூசப் பணம் போதவில்லை என்று நீங்கள் வீடு வீடாக வந்தபோது, பெட்டியைத் திறந்து முடிச்சோடு எடுத்துக் கொடுத்தார். அவிழ்த்துக்கூடப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்றும் குழுவில் இருக்கிறீர்கள்.

கும்பாபிஷேகத்துக்கு இரண்டு நாள் முன்னால் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் எடுத்துவந்தோம். படித்துறையில் பெண்கள் வரிசையாக நிற்க, குடம் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அப்பத்தாவும் ஈரத் தலையோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்ததும், "தாலி எடுத்தவங்க கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க" என்று சொன்னார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லை. தள்ளி நின்றார். ஊர் வந்து சேரும் வரை, குடம் சுமந்தவர்களுக்குக் குடிக்க மோர் ஊற்றிக்கொண்டே கூட வந்தார். தான் போட்டிருந்த தாலிதான் கோபுரத்தின் மேல் கலசமாக ஏறியிருந்தது. அதற்கு ஊற்றும் தண்ணீரைத் தொட மட்டும் அவருக்கு அனுமதி இல்லை. அன்றைக்கு நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அந்தக் கோபம் என்மேலும் எனக்கு உண்டு.

மண்டல பூஜை முடிந்து மண்டபத்தில் கல்வெட்டு வைத்தபோது அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கல்லின் முன்னால் நின்று, "என்ன சாமி எழுதிருக்குது?" என்று கேட்டார். அதில் "கலசம் தங்க முலாம் உபயம்" என்று போட்டு, அப்பாரு பெயரும் அவருடைய மகன் என்று என் அப்பா பெயரும் இருந்தன. "உங்க பேருதான் அப்பத்தா" என்று பொய் சொன்னேன். "எந்தெடத்துல கண்ணு?" என்றார். காட்டினேன். அந்த வரிமேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவினார். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. அப்புறம் முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டார்.

2024 மார்கழியில் அவர் போய்விட்டார். நான் சொன்ன பொய் இன்னும் அப்படியே இருக்கிறது.

கூட்டத்தில் ஒருவர், "அந்தம்மாவே பேரு வேணும்னு கேக்கலியே" என்றாராம். கேட்கவில்லைதான். கேட்டு வாங்கும் பழக்கம் அவருக்கு எதிலும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் கல்லை அவர் தடவியதை நான் பார்த்தேன். பெயர் வேண்டாம் என்று நினைத்தவர் அப்படித் தடவ மாட்டார்.

அவர் தங்கம் மட்டும் கொடுத்திருந்தால்கூட நான் இவ்வளவு எழுத மாட்டேன். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, நொய்யல் ஓரத்துக் கிணறுகள் எல்லாம் கெட்டுப்போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். தென்னை காய்ந்தது, மாடு வாய் வைக்காத தண்ணீர் ஆனது. அந்த வருடங்களில் எங்கள் மேட்டுக்காட்டுக் கிணறு ஒன்றில்தான் குடிக்கிற மாதிரி கொஞ்சம் ஊறியது. அப்பத்தா விடியும் முன்னே இறைத்து, நடக்க முடியாத கிழவிகள் வீட்டு வாசலில் ஒவ்வொரு குடமாக வைத்துவிட்டு வருவார். எந்தத் தெரு, யார் வீடு என்று பார்க்கவில்லை. நம் ஊரில் அப்படிப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும். ஏசினவர்களும் இருந்தார்கள். "தாகத்துக்கு என்ன தெருங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 2020 ஊரடங்கில் மில் மூடி, சம்பளமும் சோறும் இல்லாமல் தகரக் கொட்டகையில் கிடந்த வடமாநிலப் பையன்களுக்கு எண்பது வயதில் அரிசிம்பருப்பு ஆக்கிப் போட்டார். நோய் வந்துவிடும் என்று நாங்கள் எல்லோரும் தடுத்தோம். நெய் ஊற்றவில்லையே என்றுதான் அவருக்குக் கவலை.

அம்மன் நோன்புத் திருவிழாவுக்குச் சாட்டு வைத்துக் கம்பம் நட்டால், நோன்பு முடியும் வரை தினமும் விடிகாலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போகிறவர் அவர்தான். கோயில் வாசலுக்கு அறுபது வருடம் சாணி தெளித்துக் கோலம் போட்ட கை. அந்தக் கையின் பெயருக்கு இடமில்லை. ஒலிபெருக்கி உபயம், பந்தல் உபயம், டியூப் லைட் உபயம் என்று அந்தக் கல்லில் எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை, நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் முப்பத்தெட்டு பெயர்களையும் எண்ணிப் பார்த்தேன். ஒரு பெண் பெயர்கூட இல்லை. இந்த ஊரில் ஒரு பெண்கூட அம்மனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா? சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்துக் கொடுத்தவர்கள், நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து கொடுத்தவர்கள் எத்தனை பேர்? வரிப் புத்தகத்தில்கூட அவர்கள் கணவன் பெயரில்தான் இருக்கிறார்கள். சாமியே பெண். அவள் வாசலில் நமக்கு ஏன் இந்தக் கணக்கு?

வழக்கம் என்று சொல்கிறீர்கள். வழக்கம் என்றால் எது வழக்கம்? தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், "நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்னான். தன் பெயருக்கு அடுத்து அக்காள் குந்தவையைத்தான் சொல்கிறான். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், ஒவ்வொருவருக்கும் எந்த வீடு என்பதும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வழக்கம் இது. தாலி எடுத்தவர் தீர்த்தம் தொடக் கூடாது என்கிறீர்களே, கணவர் கண்டராதித்தர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள், செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக்கொண்டே இருந்தார் சோழ அரசி செம்பியன் மாதேவியார். கோனேரிராசபுரம் கோயில் அவர் கட்டியது. அவர் கை பட்டதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். நீங்கள் எல்லோரும் அப்பத்தா கையால் சோறு தின்று வளர்ந்தவர்கள். உங்களை நான் பெரியப்பா, மாமா என்று கூப்பிடுகிறவள். அந்த உரிமையில் மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: அவர் பெயரைக் கல்லில் வெட்டுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வேண்டாம். அவருடைய பெயராகவே இருக்கட்டும். அடுத்த முறை தீர்த்தம் எடுக்கப் போகும்போது, வரிசையில் வந்து நிற்கும் எந்தப் பெண்ணையும் தள்ளி நிற்கச் சொல்லாதீர்கள். இந்த இரண்டாவது கோரிக்கைக்கு யோசிக்க நேரம் வேண்டும் என்றால் கூட்டம் போட்டுப் பேசுங்கள், நானும் வருகிறேன். முதல் கோரிக்கைக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த மடலில் அவர் பெயரை நான் எங்கும் எழுதவில்லை. வேண்டுமென்றுதான் எழுதவில்லை. முதலில் அது கல்லில் வரட்டும்.

இடமில்லை என்றீர்கள் அல்லவா, போன வாரம் வந்து அளந்து பார்த்தேன். அப்பா பெயர் இருக்கும் வரிக்கும் அதற்கு அடுத்த வரிக்கும் நடுவில் நான்கு விரற்கடை இடம் இருக்கிறது. அப்பத்தா பெயர் ஐந்தே எழுத்து. கூலி எங்களுடையது. பூச்சாட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையில் கல் வெட்டுகிறவரைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருகிறேன். மண்டபத்துச் சாவியைக் கொடுத்து உதவுங்கள்.

இப்படிக்கு,
அவருடைய பேத்தி