டேட்டா ஃபோல்டரை வேறு டிரைவுக்கு மாற்ற வழியில்லாத பில்லிங் மென்பொருள் குறித்துப் புகார்

அனுப்புநர்:
உரிமையாளர், மாங்காய் கமிஷன் மண்டி, கிருஷ்ணகிரி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

எங்கள் மண்டிக் கணக்கு முழுவதும் உங்கள் மென்பொருளில்தான் இருக்கிறது. எடைச்சீட்டைப் படமெடுத்து பில்லோடு சேர்த்து வைக்கும் வசதியைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டக்காரருக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் எடைத் தகராறு வந்தால் அதைத்தான் திறந்து காட்டுகிறோம். ஆனால் அந்தப் படங்களெல்லாம் கணக்குக் கோப்புகளோடு சேர்ந்து சி டிரைவில், ஆப்டேட்டா என்ற கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டருக்குள் போய்ச் சேருகின்றன. எங்கள் சி டிரைவ் வெறும் 128 ஜிபி எஸ்எஸ்டி. 1 டிபி டி டிரைவோ காலியாகக் கிடக்கிறது. பெங்களூரா ரக மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், இடமில்லை என்று பில் போட மறுத்துவிட்டது. லாரிகளை வாசலில் நிறுத்திவிட்டுக் கையால் சீட்டு எழுதினோம்.

உதவி எண்ணில் பேசியவர் பழைய படங்களை அழிக்கச் சொன்னார். பட்டுவாடா முடியாத சீட்டை எந்த மண்டிக்காரர் கிழித்துப் போடுவார்? இன்னொருவர் பெரிய எஸ்எஸ்டி வாங்கச் சொன்னார். அடுத்து வந்தவர்தான் விஷயம் தெரிந்தவர். மென்பொருளையும் பின்னால் ஓடும் அதன் சர்வீஸையும் நிறுத்தி, அதன் டேட்டா ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றி, பழைய இடத்தில் விண்டோஸின் எம்கேலிங்க் கட்டளையால் ஜங்ஷன் என்ற இணைப்பைப் போட வைத்தார். மென்பொருள் பழைய இடத்தில் தேடும், விண்டோஸ் அதை டி டிரைவுக்குத் திருப்பிவிடும். நன்றாகவே ஓடியது.

பிறகு உங்கள் அப்டேட் வந்தது. ஜங்ஷனை நீக்கிவிட்டு, அதே பெயரில் சி டிரைவில் காலி ஃபோல்டர் ஒன்றை வைத்துவிட்டது. காலையில் திறந்தால் எல்லோருக்கும் பாக்கி பூஜ்யம், பில் நம்பர் 1! டி டிரைவில் பழைய கோப்புகள் அப்படியே இருந்தன என்பது மட்டும் ஆறுதல். விஷயம் தெரிவதற்குள் என் கணக்குப்பிள்ளை போட்ட பில்களெல்லாம் புதுக் கணக்கில் விழுந்துவிட்டன. இரண்டையும் இணைக்க வழியில்லை என்கிறீர்கள்.

டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரை ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷன் மாற்றி நகர்த்த விண்டோஸே விடுகிறது. காசு வாங்கும் நீங்கள் ஏன் விடவில்லை? டேட்டா எங்கே இருக்க வேண்டும் என்பதை செட்டிங்ஸிலேயே நாங்கள் தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். அதைவிட முக்கியம், பழைய கணக்கு கண்ணில் படாவிட்டால் மென்பொருள் நின்று கேட்க வேண்டும். தானாகப் புதுக் கணக்கு தொடங்கக் கூடாது. பிரிந்து கிடக்கும் பில்களை உங்கள் ஆளே வந்து, உங்கள் செலவில் சேர்த்துத் தர வேண்டும்.

எழுத்து மூலம் பதில் வரும்வரை ஆண்டுக் கட்டணத்தைப் புதுப்பிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
மண்டி உரிமையாளர்