வாய்க்கால் மேடு மகளிர் சுகாதார வளாகத்துக்கு இந்த ஆண்டாவது நிதி ஒதுக்கக் கோரும் நான்காவது மனு

அனுப்புநர்:
வாய்க்கால் மேடு குடியிருப்புப் பெண்கள்,
34-ஆவது வார்டு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

நாள்: 09.06.2025

பொருள்: 34-ஆவது வார்டு, வாய்க்கால் மேடு ரேஷன் கடை அருகிலுள்ள மகளிர் சுகாதார வளாகத்தைப் பழுது பார்க்க நிதி ஒதுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பகுதி சபாக் கூட்டத்தில் 01.11.2022 அன்று கொடுத்த மனு.
2. குறைதீர் கூட்டத்தில் 12.06.2023 அன்று கொடுத்த மனு (ரசீது உள்ளது).
3. 19.08.2024 அன்று பதிவுத் தபாலில் அனுப்பிய மனு (ஒப்புகை அட்டை உள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பகுதியைத் தங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஐப்பசியில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்த அன்று, தாங்களே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ரேஷன் கடை வரை நடந்து வந்தீர்கள். குழந்தைகளுக்குப் பால் பாக்கெட் வரவழைத்துக் கொடுத்தீர்கள். அதை நாங்கள் மறக்கவில்லை. ரேஷன் கடைக்கு இடது கைப் பக்கம், முருங்கை மரத்தை ஒட்டி, மஞ்சள் பெயின்ட் உரிந்துபோன கட்டடம் ஒன்று இருந்ததே, அதைப் பற்றித்தான் இந்த மனு. அன்றைக்கு அதற்குள் போய்ப் பார்க்கத் தங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

எங்கள் நிலைமையைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறோம். பொறுமையாகப் படித்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

1. குடியிருப்பில் மொத்தம் 146 வீடுகள். அதில் 9 வீடுகளில்தான் சொந்தக் கழிப்பறை இருக்கிறது. மற்ற வீடெல்லாம் பத்துக்குப் பத்து, பன்னிரண்டுக்குப் பத்து. பின்சுவரைத் தாண்டினால் வாய்க்கால், முன்வாசலைத் தாண்டினால் தெரு. தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்பவர்கள் எங்கே கட்டுவது என்று காட்ட வேண்டும். ஆகவே 137 வீட்டுப் பெண்களும் இந்த ஒரு வளாகத்தை நம்பித்தான் இருக்கிறோம். நாங்களே வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுத்தோம். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் மட்டும் 268 பேர்.

2. வளாகத்தில் 12 அறைகள். இன்று திறந்து உபயோகிக்க முடிவது 3. தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் வழிகாட்டியில், சமுதாயக் கழிப்பறை என்றால் 25 பெண்களுக்கு ஒரு இருக்கை என்று அளவு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி எங்களுக்கு 11 வேண்டும். இப்போது ஒரு அறைக்கு 89 பேர்.

3. அந்த மூன்று அறைகளையும் பற்றிச் சொல்ல வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டதால்தான் முந்தைய மூன்று மனுவும் எங்கேயோ ஒரு கட்டில் கிடக்கிறது என்று நினைக்கிறோம்.

முதல் அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. கதவில் ஓட்டை போட்டு ஒரு நைலான் கயிறு கட்டியிருக்கிறோம். உள்ளே போகிறவர் அந்தக் கயிற்றைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டே உட்கார வேண்டும். இரண்டாவது அறையில் கதவின் கீழ்ப்பாதி துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அங்கே ஒரு பழைய கட்சி பேனரை மடித்துக் கட்டியிருக்கிறோம். மூன்றாவது அறை நன்றாக இருக்கிறது. அதனால் விடியற்காலை நான்கரை மணிக்கே அதன் வாசலில் வாளிகள் வரிசை கட்டிவிடும். ஆள் நிற்க முடியாது என்று வாளியை வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிடுவோம். எது யார் வாளி என்பதில் தினமும் சண்டை. பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள், கல்யாணம் காதுகுத்துக்கு ஒன்றாகப் போகிறவர்கள், இந்த வாளியால் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

மோட்டாரில் காயில் போய் இரண்டு வருடம் ஆகிறது. மேலே இருக்கும் சின்டெக்ஸ் தொட்டி காலி. தண்ணீரைத் தெருக் குழாயிலிருந்து நாங்களே தூக்கிப்போக வேண்டும். குழாயில் தண்ணீர் வருவது ஒரு நாள் விட்டு ஒரு நாள். உள்ளே லைட்டும் இல்லை. இராத்திரி போகிறவர் ஒரு கையில் வாளி, ஒரு கையில் கதவுக் கயிறு, செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு போக வேண்டும். எங்கள் எல்லார் போனிலும் ஓரத்தில் பல் தடம் இருக்கும், ஐயா. நேரில் வந்தால் காட்டுகிறோம்.

4. செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது. வாசலில் நாங்கள் பலகை போட்டுத்தான் நடக்கிறோம். சென்ற மார்கழியில் விடியற்காலை இருட்டில் 71 வயதுப் பாட்டி ஒருவர் அந்தப் பலகையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அன்றிலிருந்து படுக்கைதான். இணைப்பில் உள்ள கையெழுத்துத் தாளில் முதலாவதாக இருப்பது அவருடைய கைரேகை. மை டப்பாவைப் படுக்கைக்கே கொண்டுபோய் வாங்கினோம். (டேங்கைச் சுத்தம் செய்ய மனிதரை உள்ளே இறக்க வேண்டாம். 2013-ஆம் வருடச் சட்டப்படி அது குற்றம் என்று எங்களுக்கும் தெரியும். லாரி அனுப்பினால் போதும்.)

5. இனி எழுதப்போவது என் சொந்த வீட்டு விஷயம். இந்த மனுவை எழுதுகிற நான் டெய்லர். என் மகள் இப்போது பிளஸ் டூ போயிருக்கிறாள். இரண்டு வருடமாக மாலை நான்கு மணிக்கு மேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. நான் சொல்லிக் கொடுத்ததில்லை, அவளாகவே நிறுத்திவிட்டாள். இருட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பயம். இராத்திரி எழுந்துபோக வேண்டுமே என்று சாப்பாட்டைக்கூட பாதியில் வைத்துவிடுகிறாள். போன பங்குனியில், பப்ளிக் பரீட்சை நேரத்தில், காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து துடித்தாள். பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா, சிறுநீர்த் தொற்று, ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது என்று சொன்னார்கள். நல்ல டாக்டர், நன்றாக விசாரித்துத்தான் சொன்னார்கள். ஆனால் மூன்று லிட்டர் குடித்தால் அவள் எங்கே போவாள், ஐயா? அந்தக் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. அவர்களிடம் கேட்டு என்ன பயன்? தங்களிடம்தான் கேட்க வேண்டும்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றித் தனியாக எழுதவில்லை. தங்கள் வீட்டிலும் பெண்கள் இருப்பார்கள்.

6. நிதி இல்லை என்று சொல்லியிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டோம். 30 நாளில் வர வேண்டிய பதில் மேல்முறையீட்டுக்கு அப்புறம் வந்தது. சரி, வந்தவரை சந்தோஷம். நம் வார்டில் மூன்று வருடத்தில் நடந்த வேலைகள் 23. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நல்ல தார் ரோடு இருந்த தெருவிலேயே அதைப் பெயர்த்துவிட்டு பேவர் பிளாக் போட்டிருக்கிறார்கள். பூங்காவில் உடற்பயிற்சிக் கருவிகள் வைத்திருக்கிறார்கள். இன்னொரு தெரு முனையில் வரவேற்பு வளைவு. அந்தத் தெருக்காரர்கள் மேல் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எங்களில் பாதிப்பேர் அந்த வீடுகளில்தான் வேலை செய்கிறோம். அவர்கள் நல்லவர்கள்.

ஏன் அங்கே மட்டும் வேலை நடக்கிறது என்று அலுவலகத்தில் கேட்டபோது, அவை நமக்கு நாமே திட்டம், மூன்றில் ஒரு பங்கு மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும், நீங்களும் கட்டுங்கள், உடனே எஸ்டிமேட் போடலாம் என்றார்கள். நமக்கு நாமே நல்ல திட்டம்தான். 1997-லேயே வந்தது, 2021-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். தன் கையிலிருந்தும் போட்டால் ஊருக்கு அதன்மேல் அக்கறை வரும் என்ற நினைப்பில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நடப்பதைப் பாருங்கள். சேர்ந்தாற்போல் செக் கொடுக்க முடிந்த தெருவுக்கு அரசின் இரண்டு பங்கும் போகிறது. கொடுக்க முடியாத தெருவுக்குத் தன் பங்கும் இல்லை, அரசின் பங்கும் இல்லை. வசதி குறைந்த இடத்துக்கு முதலில் போக வேண்டிய பணம், வசதி இருக்கிற இடத்தைத் தேடிப் போகிறது. இது எந்தக் கணக்கு?

வளாகத்தைச் சீர்செய்ய 9 லட்சம் ஆகும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எங்கள் பங்கு 3 லட்சம். நாங்கள் சும்மா இருக்கவில்லை. ரேஷன் கடை வாசலில் ஒரு தகர டப்பாவைப் பூட்டி வைத்தோம். எட்டு மாதம் போட்டோம். பூக்கட்டுகிறவர்கள் ஐந்து ரூபாய், சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை இருபது ரூபாய். சேர்ந்தது 41,350 ரூபாய். அதை எடுத்துக்கொண்டு போனால் மூன்றில் ஒரு பங்கு வரவில்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணம் இன்றும் மகளிர் குழு பாஸ்புக்கில் அப்படியே இருக்கிறது. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் யாரும் அதைத் தொடவில்லை.

7. கழிப்பறைக்கு மக்கள் பங்கு கேட்கத் தேவையே இல்லாத பணம் மாநகராட்சிக்கு வருகிறது. மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு மானியத்தில், நம் ஊர் மாதிரி பெருநகரம் அல்லாத ஊர்களுக்கு வருவதில் 60 சதவீதம் இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். அதில் பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கும் குப்பை மேலாண்மைக்கும். எங்கள் வளாகம் சுகாதாரத்தில் சேராதா? அந்த நிதிக்குழுவின் காலம் 2026 மார்ச்சோடு முடிகிறது. இந்த வருடம் விட்டால் அடுத்து எந்தத் தலைப்பில் நாங்கள் கேட்பது?

8. 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி தினத்தன்று, முதல் பகுதி சபா கூடியது. வார்டில் எந்த வேலை முக்கியம் என்று மக்கள் சொல்லலாம் என்றார்கள். நாங்கள் அன்று கூலியை விட்டுவிட்டு 40 பேர் போனோம். கையைத் தூக்கினோம். மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். எழுதினதை நான் கண்ணால் பார்த்தேன்.

9. இரண்டரை வருடம் ஆகிவிட்டது.

10. ஐயா, கோபமாக எழுதுகிறோம் என்று நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை. மூன்று மனு கொடுத்தோம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு வரி பதில் இல்லை. முடியாது என்றாவது எழுதியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் அலுவலகத்துக்கு வரும்போது, ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சார் சைட்டில் இருக்கிறார், ஃபைல் மேலே போயிருக்கிறது, கவுன்சிலரிடம் லெட்டர் வாங்கி வாருங்கள் என்பார்கள். கவுன்சிலர் லெட்டரும் வாங்கிக் கொடுத்துவிட்டோம். ஃபைல் எந்த மேலே போயிருக்கிறது? நீங்கள்தானே மேலே இருக்கிறீர்கள்? 41,350 ரூபாய் சேர்த்தவர்களிடம் இன்னும் என்ன கேட்கிறீர்கள்? விடியற்காலை நான்கரைக்கு ஒரே ஒரு நாள் ரேஷன் கடை வாசலில் வந்து நில்லுங்கள். வாளி வரிசையைப் பாருங்கள். அதற்கப்புறம் பேவர் பிளாக் முதலில் என்று நீங்கள் சொன்னால் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

அதிகமாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். தாங்கள் அன்று தண்ணீரில் நடந்து வந்ததால்தான் இந்த உரிமையோடு எழுதுகிறோம்.

ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து,

அ. இந்த நிதியாண்டிலேயே, மக்கள் பங்குத்தொகை கேட்காமல், சுகாதாரத்துக்கான மானியத்திலிருந்து வளாகத்தின் 12 அறைகளையும் சீர்செய்ய நிதி ஒதுக்கி, வரும் மன்றக் கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்க வேண்டுகிறோம்.

ஆ. டெண்டர் முடியும்வரை காத்திருக்காமல் மோட்டார், லைட், தாழ்ப்பாள் மூன்றையும் உடனே போட்டுத்தர வேண்டுகிறோம். இதற்கு லட்சம் தேவையில்லை. எங்கள் பாஸ்புக்கில் இருக்கும் பணத்தை இதற்கு எடுத்துக்கொண்டாலும் எங்களுக்குச் சம்மதம், முழு மனதோடு சொல்கிறோம்.

இ. செப்டிக் டேங்குக்கு இந்த வாரமே லாரி அனுப்ப வேண்டுகிறோம்.

ஈ. முடியாது என்றால், எந்தக் காரணத்தால் முடியாது என்று எழுத்தில் தர வேண்டுகிறோம்.

ஆடி பிறந்தால் காற்று, அதற்கப்புறம் மழை. மழைக்கு முன் தாழ்ப்பாளாவது போட்டுக்கொடுங்கள், ஐயா. என் மகள் ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாய்க்கால் மேடு குடியிருப்புப் பெண்கள்
(கையொப்பம் 174, கைரேகை 52)

இணைப்பு:
1. பார்வையில் கண்ட மனுக்களின் நகல், ரசீது, ஒப்புகை அட்டை.
2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற 23 வேலைகளின் பட்டியல்.
3. கவுன்சிலரின் பரிந்துரைக் கடித நகல்.
4. மூன்று அறைகளின் புகைப்படங்கள்.
5. மகளிர் குழு பாஸ்புக் முதல் பக்கம், கடைசிப் பக்கம்.