காயலான் கடைக்குப் போன லேப்டாப்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழும், ஒரு கட்டைவிரல் வரும், அதோடு முடிந்தது. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குப் பஸ் ஏறுவதற்கு முன்னால், வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினாய். பழைய மிக்சி, ஓட்டை அண்டா, உன் பாட்டியின் பித்தளைச் சொம்பு (அதற்கு அக்கா உன்னோடு தனியாகச் சண்டை போடுவாள்), எல்லாவற்றோடும் சேர்த்து அந்த அரசாங்க லேப்டாப்பையும் தெருவில் வந்த வண்டிக்காரரிடம் போட்டுவிட்டாய். மொத்தம் 650 ரூபாய். நான் சின்னப் பையனாக இருந்தபோது பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பார்கள். அந்தக் கணக்கில் உன் லேப்டாப்புக்கு ஒரு கைப்பிடிப் பழம் தேறியிருந்தால் அதிகம்.

போன் போட்டுக் கேட்டால், "அது வெறும் டப்பா மாமா, எல்லாம் கிளவுடில் இருக்கு, அது போனா என்ன" என்றாய். மூன்று நாளாக அந்தப் பேச்சு எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

டப்பாதான், இல்லை என்று சொல்லவில்லை. 2 ஜிபி ராம், சுற்றுகிற ஹார்ட் டிஸ்க், ஆன் பண்ணிவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் 2011 செப்டம்பர் 15-ல் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்கும் அந்த அரசாங்கத் திட்டம் தொடங்கியபோது நீ எட்டாம் வகுப்பு கூட முடிக்கவில்லை, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் நாலு வருஷம் கழித்துப் பிளஸ் டூ படிக்கும்போது உன் கைக்கு வந்தது. உங்கள் வீட்டுக்குள் நுழைந்த முதல் கம்ப்யூட்டர் அது. அக்கா மஞ்சள் குங்குமம் வைத்தாள். அரசியலை விடு, இலவசம் சரியா தப்பா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. தமிழ்நாட்டில் 50 லட்சத்துக்கும் மேல் பிள்ளைகளுக்குப் போன பொருள் அது. போளூரில் என் சர்வீஸ் கடை முதல் ஐந்து வருஷம் ஓடியதே அதனால்தான். ஹிஞ்ச் உடைந்தது, கீபோர்டில் காபி கொட்டியது, சார்ஜர் பின் ஆடுவது என்று தினம் நாலு வந்து நிற்கும். கொரோனா சமயத்தில் உன் தங்கை இரண்டு செமஸ்டர் ஆன்லைன் வகுப்பை அதில்தான் முடித்தாள். அதையும் டப்பாவில் சேர்த்துக்கொள்.

இப்போது அது எங்கே போகும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும், இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வண்டிக்காரர் காயலான் கடையில் எடை போடுவார். அங்கே ஒரு பையன் சுத்தியலால் பிரிப்பான், அலுமினியம் ஒரு பக்கம், செம்புக் கம்பி ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம். மதர்போர்டு மட்டும் தனி மூட்டை, அதற்குக் கிலோ விலை கூடுதல், ஏனென்றால் அதில் கொஞ்சம் தங்கம் இருக்கிறது. அந்த மூட்டைகள் கைமாறிக் கைமாறி வடக்கே போகின்றன, டெல்லியில் சீலம்பூர், உத்தரப் பிரதேசத்தில் மொராதாபாத் என்று. மொராதாபாத் தெரியுமில்லையா, பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். உன் பாட்டியின் சொம்பும் உன் மதர்போர்டும் கடைசியில் ஒரே ஊரில் சந்தித்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. சொம்பை உருக்கினால் சொம்பு வரும். போர்டை எரித்து, அமிலத்தில் கழுவி, தங்கத்தையும் செம்பையும் எடுத்த பிறகு மிச்சமிருக்கும் கரியும் சாம்பலும் ராம்கங்கா ஆற்றங்கரையில் கிடக்கும். ஈயமும் காட்மியமும் அதிலேயே இருக்கும். கையுறைகூடப் போடாமல் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்குக் கிளவுட் என்றால் மேலே போகிற புகைதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் புது விதிப்படி, விற்ற கம்பெனிதான் பழைய பொருளை முறையாக மறுசுழற்சி செய்யப் பொறுப்பு. உரிமம் வாங்கிய ஆலைகள் சென்னையைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் அவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமை காலை நம் தெருவில் மைக் போட்டுக்கொண்டு வருவதில்லை, வண்டிக்காரர்தான் வருகிறார். 2022-ல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐக்கிய நாடுகள் சபை அமைப்புகளின் கணக்கு சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். மீதி எங்கே என்று கேட்டால், நம் வீட்டுப் பரணில் கொஞ்சம், மொராதாபாத்தில் கொஞ்சம்.

போவது இப்படி என்றால் வருவது இன்னும் மோசம். 2004-ல் ஐநா பல்கலைக்கழகம் ஒரு கணக்குப் போட்டது. அப்போதைய ஒரு மேஜைக் கம்ப்யூட்டரையும் குண்டு மானிட்டரையும் செய்து முடிக்க 240 கிலோ எரிபொருள், 22 கிலோ ரசாயனம், 1,500 கிலோ தண்ணீர். ஒரு சின்னக் கார் எடைக்கு மேல் வருகிறது! இன்றைய லேப்டாப்புக்கு அந்த எண் பொருந்தாது, ஆனால் விஷயம் மாறவில்லை. லேப்டாப்போ போனோ, அதனால் வரும் கரியமில வாயுவில் பெரும்பங்கு நீ அதை வாங்குவதற்கு முன்னாலேயே தொழிற்சாலையில் வெளியேறிவிடுகிறது. கரண்ட் பில்லில் அது தெரியாது. அதனால்தான் ஐந்து வருஷம் ஓட்டியதை எட்டு வருஷம் ஓட்டு என்று கடைக்கு வருகிறவர்களிடம் கத்துகிறேன். (என் வருமானத்துக்காகத்தான் சொல்கிறேன் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்மைதான்.) 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த பிறகு கடைக்கு வரும் நல்ல மிஷின்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஒரு ரிப்பேரும் இல்லை, பிராசஸர் பழசு, அதனால் விண்டோஸ் 11 ஏறாது, அவ்வளவுதான். 24 கோடி கம்ப்யூட்டர் இப்படிக் கழிவாகலாம் என்று கேனலிஸ் என்கிற சந்தை ஆய்வு நிறுவனம் முன்பே மதிப்பிட்டிருந்தது. விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்றால், "அதுல டேலி (கடைக் கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) ஓடுமா சார்" என்கிறார்கள்.

சரி, உன் கிளவுடுக்கு வருகிறேன். நீயே சிறுசேரியில் வேலை செய்கிறாய், உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன் ஆபீஸ் போகிற வழியில் ஜன்னல் இல்லாமல் ஒரு பெரிய கட்டடம், வெளியே ஜெனரேட்டர் வரிசையாக நிற்கும் என்று நீதானே காட்டினாய்? உன் போட்டோ மேகத்தில் இல்லை மாப்பிள்ளை, அந்த மாதிரி ஒரு கட்டடத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அதற்குப் பெயர் டேட்டா சென்டர். 2024-ல் உலகத்தின் டேட்டா சென்டர்கள் தின்ற மின்சாரம் சுமார் 41,500 கோடி யூனிட், உலகம் செலவழித்த மொத்த மின்சாரத்தில் ஒன்றரை சதவீதம். 2030-க்குள் இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணிப்பு. சூடாகும் மிஷினைக் குளிர்விக்க வேண்டும். தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்வித்தால் தண்ணீர் போகும், தண்ணீரை மிச்சம் பிடித்தால் கரண்ட் கூடும். ஊருக்கு ஊர் இது வேறுபடும், ஆனால் இரண்டில் ஒன்றைக் கொடுத்தே ஆகவேண்டும்.

2019 கோடையை மறந்திருக்க மாட்டாய். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஓஎம்ஆர் சாலை ஐடி கம்பெனிகள் பிள்ளைகளை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன வருஷம். ஜூலை 12-ம் தேதி நம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது, 50 வேகனில் 25 லட்சம் லிட்டர். அதற்கு டேட்டா சென்டர் காரணம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். மழையும் பெய்யவில்லை, ஏரிகளையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ரயிலில் தண்ணீர் வாங்கிக் குடித்த ஊரில் இப்போது இந்தக் கட்டடங்கள் வரிசையாக எழும்புகின்றன. கடலடிக் கேபிள் கரையேறும் ஊர் என்பதால் அவர்களுக்குச் சென்னை வசதி. அது கையில் பிடிக்க முடியாத மேகம் என்று நீ சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதுவரைக்கும் சொன்னதற்காக மட்டும் என்றால் இந்தக் கடிதம் எழுதியிருக்க மாட்டேன், போனில் திட்டிவிட்டு விட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காயலான் கடைக்குப் போனேன். உன் லேப்டாப் ஒரு ஃபேன் மோட்டார் குவியலுக்குக் கீழே இருந்தது, பேட்டரியை மட்டும் ஏற்கனவே கழற்றியிருந்தார்கள். கடைக்காரர் 800 கேட்டார், நீ மொத்தச் சாமானுக்கும் வாங்கியதைவிட அதிகம். கொடுத்தேன். கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் இருந்த சார்ஜரைப் போட்டால் ஆன் ஆகிறது, பாஸ்வேர்டுகூட இல்லை. டெஸ்க்டாப்பிலேயே உன் ஆதார் ஸ்கேன், மார்க்‌ஷீட்டுகள், அக்காவின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். நல்லவேளை, சுத்தியல் பையனுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை.

அப்புறம் உன் பழைய போனை பேக்கப் எடுத்த ஃபோல்டர் ஒன்று. அதில் வாட்ஸ்அப் வீடியோக்கள். தேதியைப் பார்த்து 2018 மே மாதத்தைத் திறந்தேன். ஏன் திறந்தேன் என்று கேட்காதே.

இருந்தது. பைக்கில் இரண்டு பேர் வந்து, தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற வீடியோ. அதை நம் குடும்பக் குழுவில் போட்டது நான்தான் மாப்பிள்ளை. என் கடைக்கு வரும் ஒருவர் எனக்கு அனுப்பினார், கூடவே ஒரு குரல் பதிவு, வடநாட்டுக் கும்பல் இறங்கியிருக்கிறது, பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று. பதறிப்போய்க் குடும்பக் குழு, வாடிக்கையாளர் குழு, என் பள்ளிக்கூட நண்பர்கள் குழு, மூன்றிலும் தட்டிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அது கராச்சியில் பிள்ளைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம், கடைசியில் பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டு அட்டை காட்டும் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள் என்று எல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

மே 9. சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்கு வந்த ஒரு குடும்பம், நம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க நிறுத்தினார்கள், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். கூட வந்தவர்களுக்குப் பலத்த காயம். வடநாடும் இல்லை, கும்பலும் இல்லை, தமிழ் பேசுகிறவர்கள், சாமி கும்பிட வந்தவர்கள். ஜூலை 1-ல் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியில் ஐந்து பேரை அடித்துக் கொன்றார்கள். அந்த மாதம்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு தடவைக்கு ஐந்து சாட்டுக்கு மேல் (ஒரு குழுவும் ஒரு சாட்டுதான்) ஃபார்வர்டு பண்ண முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாட்ஸ்அப் அறிவித்தது.

என் மூன்று குழுவில் இருந்து அது அத்திமூருக்குப் போனதா? யாராலும் சொல்ல முடியாது. போலீஸ் பலரைப் பிடித்தார்கள், என்னை யாரும் கேட்கவில்லை. பக்கத்து ஊர்தானே என்று என் மனசு மட்டும் தூரத்தை அளந்துகொண்டே இருந்தது. குழுவில் நான் அனுப்பியதை அன்று ராத்திரியே அழித்துவிட்டேன். அழிந்துவிட்டது என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். உன் டப்பாவில் இருக்கிறது. உன் கிளவுடிலும் இருக்கும். அந்த மூன்று குழுவில் இருந்த எல்லோருடைய பழைய போனிலும், அந்த போன்கள் இப்போது எந்தக் குவியலில் கிடக்கின்றனவோ, அங்கேயும்.

இதே வாட்ஸ்அப்பில்தான் 2015 டிசம்பர் வெள்ளத்தில் உன் சித்தப்பா குடும்பத்துக்குப் படகு ஏற்பாடு செய்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் அக்காவின் போனைப் பிடுங்கப் போவதில்லை. ஆனால் 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று சம்பந்தமில்லாத அடிதடி வீடியோக்கள் சுற்றி, திருப்பூரில் வேலை செய்த பையன்கள் பயந்து ரயில் ஏறியபோது, அக்கா அதில் ஒன்றை எனக்கு அனுப்பி "உண்மையா தம்பி" என்று கேட்டாள். கேட்டாளே! 2018-ல் நான் யாரையும் கேட்கவில்லை.

லேப்டாப்பைத் தூசி துடைத்து, சுற்றுகிற டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு பழைய எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் ஏற்றிவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றிக் கடை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன், உன் ஃபைல்களில் எது வேண்டும் என்று வந்து பார்த்துச் சொல், அதற்கு முன்னால் நான் எதையும் அழிப்பதாக இல்லை. அந்த வீடியோ உள்பட. அக்காவுக்கு ஈபி பில் கட்டவும், உன் தங்கையோடு பெரிய திரையில் வீடியோ கால் பேசவும் இந்த மிஷின் போதும். பேட்டரி இல்லாததால் எப்போதும் பிளக்கில்தான் இருக்கவேண்டும். நான் போட்டிருப்பது கடை சார்ஜர், எனக்கு வேண்டும். ஒரிஜினல் சார்ஜர் உன் சிறுசேரி ரூமில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். அடுத்த வாரம் வரும்போது எடுத்துக்கொண்டு வா, தூக்கிப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா