எந்த ஊர்ப் பேச்சு இது?

ஆசிரியருக்கு,

ஆங்கிலத் தொடர்களில் வட்டார உச்சரிப்பு படும் பாட்டைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை லண்டன் உழைக்கும் மக்களின் பேச்சான காக்னியோடு நின்றுவிட்டது. அதைவிட மோசமாகச் சிதைக்கப்படுவது இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிப் பேச்சு என்பது என் கருத்து. சாமர்செட், டெவன், கார்ன்வால், பிரிஸ்டல் ஆகியவற்றின் பேச்சு ஒன்றுக்கொன்று வேறுபட்டிருந்தும், உழவனோ வெகுளியோ கதையில் வந்துவிட்டால், 'ர'கரத்தை உருட்டி, 'ஸ' வரும் இடமெல்லாம் 'இசட்' ஒலியைப் போட்டு, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பேச்சை நடிகர்கள் பேசிவிடுகிறார்கள். நாடக உலகமே இதற்கு 'மம்மர்செட்' என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறது. 1950இல் வெளிவந்த 'டிரஷர் ஐலண்ட்' படத்தில் கொள்ளையனாக நடித்த ராபர்ட் நியூட்டன் இந்தத் தென்மேற்குப் பேச்சை மிகைப்படுத்திப் பேசியதுதான் இன்றுவரை கடற்கொள்ளையர் பேச்சாக நிலைத்திருக்கிறது. அவராவது அதே தென்மேற்குப் பகுதியிலுள்ள டார்செட்டில் பிறந்தவர்!

பிரிஸ்டல் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றும் நான், அந்நகரத்து முதியவர்கள் 'ஐடியா' என்பதை 'ஐடியல்' என்று 'ல்' சேர்த்து முடிப்பதை அன்றாடம் கேட்கிறேன். அவர்களில் ஓய்வுபெற்ற பொறியாளரும் உண்டு, தலைமையாசிரியரும் உண்டு. திரையிலோ அந்த 'ல்' என் காதில் விழுந்தது மிக அரிது. தயாரிப்பாளர்கள் அந்தந்தப் பகுதி நடிகர்களைத் தேர்வு செய்ய வேண்டும். இயலாதபோது, பாத்திரம் எந்த ஊரைச் சேர்ந்தது என்பதை முடிவுசெய்துகொண்டு, அவ்வூர்ப் பேச்சு அறிந்த பயிற்சியாளரை அமர்த்த வேண்டும். தங்கள் விமர்சகர்களும் ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் ஒதுக்கும் இடத்தில் உச்சரிப்புக்கு ஒரு வரி ஒதுக்கலாம்.

– ஒரு வாசகி, பிரிஸ்டல்